பப்பாளிப் பாலில் கொழுப்பை உடைக்கும் நொதி

ஆட்டுக்கறி முற்றலாக வந்துவிட்டால் ஒரு துண்டு பப்பாளிக்காயை நசுக்கிப் போடவேண்டும் என்பது புவனகிரி, சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் சமைக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். காயின் பாலில் உள்ள பப்பாயின் என்னும் நொதி இறைச்சியின் புரதத்தை அறுத்துக் கறியைப் பதமாக்குகிறது. அதே பாலில் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் என்னும் இன்னொரு நொதியும் இருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. அப்படி ஒன்று இருக்கிறது என்று 1925இலேயே எழுதிவிட்டார்கள். பாலில் உள்ள எத்தனையோ புரதங்களில் அது எது, எந்த மரபணு அதை உண்டாக்குகிறது என்று விரல்வைத்துக் காட்ட 2011 ஆகிவிட்டது. பப்பாயினுக்கு இல்லாத இந்த 86 ஆண்டுத் தாமதம் லிப்பேஸுக்கு மட்டும் ஏன் வந்தது? தண்ணீரில் கரையாததைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரைந்ததை மட்டும் ஆராய்வது வேதியியல் கூடங்களின் பழக்கம். இந்த நொதியோ எறியப்பட்ட பகுதியில் இருந்தது.

முதலில் பாலைப் பார்ப்போம். பப்பாளி நடு அமெரிக்காவில் பிறந்த மரம். ஐரோப்பியக் கப்பல்களோடு 16ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்தது. வெள்ளாற்றங்கரைக் களிமண்ணில் இதைத் தோப்பாகப் பார்க்க முடியாது. வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மரம் அழுகிச் சாய்ந்துவிடும். நெல்லுக்கு உகந்த நிலம் இதற்கு ஆகாது என்பதால் எங்கள் பக்கத்தில் கொல்லை மேட்டிலும் கிணற்றடியிலும் ஒன்றிரண்டு நிற்கும், அவ்வளவுதான். பாலுக்காகவே பயிரிடுவதெல்லாம் கோவை, திருப்பூர் போன்ற மேட்டுநில மாவட்டங்களில். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ.2, கோ.5, கோ.6 மூன்றும் பால் எடுப்பதற்கு ஏற்றவை. இவற்றில் கோ.5, வாஷிங்டன் ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது.

பால் எடுப்பது பொறுமையான வேலை. காய்க்கு 70 முதல் 100 நாள் ஆகியிருக்க வேண்டும். நன்றாகத் திரண்டிருந்தாலும் பச்சை மாறியிருக்கக் கூடாது. வெயில் ஏறுவதற்குள், காலை பத்து மணிக்கு முன்பே, துருப்பிடிக்காத பிளேடாலோ கூராகச் சீவிய மூங்கிலாலோ காயின் மேல் நெடுக்காக நான்கு கீறல் போடுவார்கள். ஆழம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காய் கெட்டுவிடும், பாலும் கூடுதலாக வராது. கீறியவுடன் பால் வெள்ளைவெளேரென்று வழியும். சில நிமிடங்களில் ஓட்டம் தளர்ந்து, கீறலின் ஓரத்திலேயே திரிந்து கட்டியாகிவிடும். கீழே பிடித்த அலுமினியத் தட்டில் விழுந்ததும் திரளத் தொடங்கும். நான்கு நாள் விட்டு மறுபடி கீறுவார்கள். ஒரு காயில் மூன்று நான்கு முறை. சேர்ந்த பாலோடு சிறிதளவு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலந்து 50 முதல் 55 டிகிரி சூட்டில் உலர்த்தினால் சந்தைக்குப் போகும் கச்சாப் பப்பாயின் தயார். வெறுங்கையோடு இந்த வேலையைச் செய்பவருக்குத் தோல் வெந்து உரியும். இறைச்சியை அறுக்கும் நொதிக்கு விரல் வேறு, கறி வேறு என்று தெரியாது.

பால் திரிந்து கட்டியாவதுதான் நம் கதைக்கு முக்கியம். புதுப்பாலில் ஏறக்குறைய 85 விழுக்காடு தண்ணீர். மீதியில் பெரும்பங்கு புரதம். அந்தப் புரதத்தில் பப்பாயினும் அதன் உடன்பிறப்புகளான கைமோபப்பாயின், கரிக்கெய்ன், கிளைசில் எண்டோபெப்டிடேஸ் ஆகியவையுமே ஆட்சி செய்கின்றன. பாலின் நொதிகளில் 80 விழுக்காடுவரை இந்த நான்கும்தான் என்று கணக்கிடுகிறார்கள். பப்பாயின் பெயர்தான் பெரிது. அளவில் அது பத்து விழுக்காட்டுக்கும் கீழே. உலர்ந்த பாலைத் தண்ணீரில் கலக்கினால் இந்த நான்கும் கரைந்து வந்துவிடும். அடியில் கரையாத வெள்ளை வண்டல் ஒன்று தங்கும். லிப்பேஸ் இருப்பது அதில்.

பப்பாயினின் வரலாறு வேகமாக ஓடியது. 1870களில் கல்கத்தாவில் ஜி.சி.ராய் பப்பாளிச் சாறு இறைச்சியைக் கரைப்பதைப் பற்றி எழுதினார். 1879இல் பிரான்சில் வூர்ட்ஸும் பூஷுவும் அந்தப் பொருளுக்குப் பப்பாயின் என்று பெயரிட்டார்கள். 1959இல் இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர் நோய் எதிர்ப்புப் புரதங்களைத் துண்டாக்கிப் பார்ப்பதற்கு இதையே கத்தியாகப் பயன்படுத்தினார்; பிறகு நோபல் பரிசு பெற்றார். 1968இல் அதன் முப்பரிமாண வடிவமே வெளியாகிவிட்டது. தண்ணீரில் கரையும், சுத்தமாகப் பிரியும், படிகமாகும் என்று ஆய்வாளருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் தந்த புரதம் அது.

லிப்பேஸ் எதையும் தரவில்லை. 1925இல் சாண்ட்பெர்க், பிராண்ட் இருவரும் பப்பாயின் தூளில் கொழுப்பை உடைக்கும் திறன் இருப்பதை விவரித்தார்கள். (அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது இதற்கு நான்கு ஆண்டு கழித்து. நூற்றாண்டை நெருங்கும் அந்த நிறுவனத்தைவிட மூத்த கேள்வி இது.) 1937இல் ஃபிராங்கல், மைமின், ஷாபிரோ மூவரும் அதற்குக் கரிக்காலிப்பேஸ் என்று பெயர் வைத்து, மற்ற லிப்பேஸ்களோடு ஒப்பிட்டார்கள். பெயர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அக்காலத்தில் நொதி என்பதை அதன் செயலைக் கொண்டுதான் அறிந்தார்கள். எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பில் பாலைச் சேர்த்தால் கொழுப்பு மூலக்கூறு உடைந்து கொழுப்பமிலம் வெளிவரும், கலவை புளிக்கும். அந்தப் புளிப்பைச் சமன்செய்ய எவ்வளவு காரம் செலவாகிறது என்று அளந்தால் நொதியின் வேகம் தெரிந்துவிடும். இன்றும் கருவி மாறியிருக்கிறதே தவிர முறை அதேதான். வேகத்தை அளக்கலாம், ஆனால் அந்த வேகத்துக்கு உரிய புரதம் எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

1991இல் பிரான்சில் ஜோர்டானி, முலான், வெர்ஜே ஆகியோர் பப்பாளி உட்பட வேறுவேறு செடிகளின் பாலில் டிரைபியூட்டிரின் என்ற சிறிய கொழுப்பை உடைக்கும் திறனை அளந்தார்கள். எல்லாச் செடிப் பாலும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பண்ருட்டிப் பலாவை அரியும்போது கையிலும் அரிவாளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அந்தப் பால் பிசின் வகை. எண்ணெயில் இளகும் என்பதால்தான் எண்ணெய் தடவுகிறோம். கள்ளிக் குடும்பத்துப் பால்களில் சிலவற்றில் லிப்பேஸ் வேலை செய்வது தெரியவந்தது. பப்பாளிப் பாலிலோ அது வண்டலோடு இறுகப் பிணைந்திருந்தது.

இந்தப் பிணைப்பு ஒரு சாராருக்குத் தலைவலி, இன்னொரு சாராருக்கு வரம். தொழிற்சாலையில் நொதியைப் பயன்படுத்துபவர்கள் அதை ஏதாவது ஒரு திடப்பொருளில் ஒட்டவைக்கப் பணம் செலவழிக்கிறார்கள். அப்போதுதான் வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். பப்பாளி அதை இலவசமாகவே செய்து தருகிறது. பாலை உலர்த்தி, தண்ணீரில் அலசிப் பப்பாயினை நீக்கிவிட்டால் மிஞ்சுவது இயற்கையே ஒட்டவைத்த லிப்பேஸ். 1990களில் பிரான்சின் மோன்பெலியேயில் பியேர் வில்நெவ், ஜெர்மனியில் முகர்ஜி, பிறகு தைவானில் ட்சாய் என்று பலர் அந்த வண்டலை அப்படியே எடுத்து வேலைக்கு விட்டார்கள். கொழுப்பின் அமிலங்களை இடம் மாற்றி விரும்பிய கொழுப்பைக் கட்டினார்கள். நாப்ராக்சன் போன்ற வலி மருந்துகளில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்கும் இரண்டு வடிவங்களைப் பிரித்தார்கள். 2006இல் டொமிங்கஸ் டெ மரியா குழுவினர் இந்தப் பயன்களையெல்லாம் தொகுத்து ஒரு நீண்ட மதிப்புரை எழுதும் அளவுக்குப் படைப்புகள் சேர்ந்துவிட்டன. யாரென்று தெரியாத ஒருவருக்கு இவ்வளவு வேலை கொடுத்த உதாரணம் வேதியியலில் அதிகம் இருக்காது.

அக்காலத்து விவாதம் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கொழுப்பு மூலக்கூறு என்பது கிளிசரால் என்னும் முதுகெலும்பில் மூன்று கொழுப்பமிலங்கள் தொங்கும் அமைப்பு. முதல் இடமும் மூன்றாம் இடமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் நொதியின் கண்ணுக்கு வேறுவேறு. பப்பாளி லிப்பேஸ் மூன்றாம் இடத்தைத்தான் முதலில் வெட்டுகிறது என்று தோன்றியது. ஆனால் பசு, எருமையின் பால் கொழுப்பில் சிறிய அமிலங்கள் மூன்றாம் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் நொதி இடத்தைப் பார்த்து வெட்டுகிறதா, அமிலம் சிறியது என்பதால் வெட்டுகிறதா? 1995இல் வில்நெவ், பினா உள்ளிட்டோர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, எந்த இடத்தில் எந்த அமிலம் என்று தாங்களே தீர்மானித்துச் செயற்கையாகக் கட்டிய கொழுப்புகளை நொதிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றைய மதிப்புரைகள் அந்த வண்டலுக்கு இரண்டு குணமும் உண்டு என்றே எழுதுகின்றன: சிறிய அமிலத்தின் மேல் நாட்டம், மூன்றாம் இடத்தின் மேல் நாட்டம். என் பார்வையில் இங்கேதான் அடையாளம் தெரியாததன் விலை தெரிகிறது. வண்டலில் ஒரே நொதி இருந்தால் இரண்டு குணமும் அதனுடையவை. இரண்டு நொதிகள் இருந்தால், ஒருவரின் குணத்தை இன்னொருவர் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் இரண்டுக்கு மேலேயே இருந்தன. 2009இல் துனீசியாவைச் சேர்ந்த ஸ்லிம் அப்தெல்காஃபியும் மார்செய் நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, டிடர்ஜென்டும் ஒலியதிர்வும் கொண்டு வண்டலிலிருந்து ஒரு புரதத்தைக் கழற்றினார்கள். அது முழுச் சுத்தமாகவில்லை. பெரிய திரளாகவே வந்தது. ஆனாலும் 41 கிலோடால்டன் அளவில் ஒரு பட்டை தெளிவாகத் தெரிந்தது. அதைத் துண்டாக்கிப் படித்து, அதற்குரிய மரபணுவையும் பப்பாளியின் மரபணுத்தொகுதியில் கண்டார்கள்: 343 அமினோ அமிலங்கள். மரபணுத்தொகுதி கைவசம் இருந்ததும் ஒரு நல்வாய்ப்பு. ஹவாயில் நோய்க்குத் தப்ப மரபணு மாற்றிய சன்அப் என்ற பப்பாளியின் முழு வரிசை அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல்தான் வெளியாகியிருந்தது. ஆனால் அகப்பட்ட இந்தப் புரதம் சிறிய அமிலங்கள் கொண்ட கொழுப்பைத்தான் விரும்பியது. இத்தகையதை எஸ்டரேஸ் என்பார்களே ஒழிய, சமையல் எண்ணெயை உடைக்கும் லிப்பேஸ் என்று சொல்லமாட்டார்கள். தேடியவர் இன்னும் உள்ளேயே இருந்தார்.

2011இல் வெளிவந்த ஆய்வு வேறு வழியில் போனது. போர்தோ நகரத்தின் தூயிப், அரோந்தெல் குழுவும் மோன்பெலியே, மார்செய், எக்குவடோர் ஆய்வாளர்களும் சேர்ந்த கூட்டு வேலை அது. பப்பாளியை விட்டுவிட்டு அதன் மலைநாட்டு உறவான பபாகோவை எடுத்தார்கள். எக்குவடோரில் விளையும் பபாகோவின் பழம் ஐந்து பட்டையோடு இருக்கும், விதை இருக்காது. அதன் பாலிலும் லிப்பேஸ் வலுவாக வேலை செய்கிறது. அலசியும் பிரித்தும் அந்தத் திறனை 74 மடங்கு செறிவாக்கினார்கள். ஆலிவ் எண்ணெயை ஒரு மில்லிகிராம் புரதம் நிமிடத்துக்கு 57 மைக்ரோமோல் வேகத்தில் உடைத்தது. சிறிய கொழுப்பான டிரைபியூட்டிரினிலோ அந்த வேகம் 1,107. காரத்தன்மை (pH) 8க்கும் 9க்கும் இடையில் இருக்கும்போது நன்றாக வேலை செய்தது. கரையாத பகுதியில் இருந்த புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு, நிறை நிறமாலைமானியில் படித்துப் பார்த்தபோது 28 வெவ்வேறு புரதங்கள் தெரிந்தன. அந்த 28இல் யார் கொழுப்பு உடைப்பவர்?

இங்கேதான் தூண்டில் போட்டார்கள். உடல் எடையைக் குறைக்க மருந்துக்கடையில் ஆர்லிஸ்டாட் என்று விற்கிறார்களே, அதன் வேதியியல் பெயர் டெட்ராஹைட்ரோலிப்ஸ்டாடின். நம் குடலில் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸின் வேலை செய்யும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, நொதியை முடக்கிவிடுவது அதன் தொழில். உடையாத கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். குடல் லிப்பேஸில் ஒட்டுவது பபாகோ லிப்பேஸிலும் ஒட்டும் அல்லவா? மருந்தில் கதிரியக்கக் கரிமத்தைச் சேர்த்து வண்டலில் கலந்தார்கள். பிறகு புரதங்களை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால், கதிர்வீச்சு 45 கிலோடால்டன் அளவுள்ள ஒரு பட்டையிலிருந்து வந்தது. வேலை செய்யும் நொதியைச் சுத்தப்படுத்தாமலே, கூட்டத்துக்கு நடுவே வைத்தே அடையாளம் கண்டுவிட்டார்கள். கரையவைக்க முடியவில்லை என்று அதுவரை முட்டிக்கொண்டிருந்த சுவரை இடிக்காமல் சுற்றிப் போன வழி இது.

அந்தப் பட்டையிலிருந்து கிடைத்த துண்டுகளை வைத்துக்கொண்டு பப்பாளியில் ஒத்த மரபணுவைத் தேடி எடுத்தார்கள். அது 55 கிலோடால்டன் புரதத்துக்கு உரியது. துண்டுகளோடு 83.7 விழுக்காடு ஒப்புமை. ஆனால் அந்தத் துண்டுகள் மொத்தப் புரத நீளத்தில் 25.6 விழுக்காட்டைத்தான் மூடின. பப்பாளிப் புரதத்துக்கு ஆமணக்கு விதையின் அமில லிப்பேஸோடு 35 விழுக்காடு ஒற்றுமை இருந்தது.

ஆமணக்கு இங்கே தற்செயலாக வரவில்லை. விளக்கெண்ணெய் தரும் அந்த விதையில் கொழுப்பை உடைக்கும் நொதி உண்டு என்று ரெனால்ட்ஸ் கிரீன் 1890இல் எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் சோப்புத் தொழிலுக்காக ஆமணக்கு விதைப் பொடியைக் கொண்டே எண்ணெயை உடைத்துப் பார்த்தார்கள். அந்த நொதியின் மரபணுவைப் பீட்டர் ஈஸ்ட்மண்ட் எடுத்துக் காட்டியது 2004இல். அது எண்ணெய்த் துளியின் உறையோடு ஒட்டிக் கிடக்கும் புரதம். பப்பாளிக்கு 86 ஆண்டு என்றால் ஆமணக்குக்கு 114. இரண்டு இடத்திலும் தாமதத்துக்குக் காரணம் ஒன்றே: தண்ணீருக்கு வராத புரதம். தொழிலில் பயன்படுத்த யாரும் தயங்கவில்லை, அடையாளம் காணத்தான் கருவி இல்லை.

சரி, அகப்பட்டதா? 2011 கட்டுரையின் தலைப்பே ‘அனுமான’ லிப்பேஸ் என்றுதான் சொல்கிறது; ஆசிரியர்கள் நாணயமாக எழுதியிருக்கிறார்கள். அனுமானம் நிற்கும் இடங்களை எண்ணிப் பார்க்கலாம். புரதம் பபாகோவினுடையது, மரபணு பப்பாளியினுடையது. பட்டை 45 கிலோடால்டன், மரபணு சொல்வது 55. பாலில் அறுக்கும் நொதிகள் மலிந்திருப்பதால் புரதத்தின் ஒரு முனை வெட்டுப்பட்டிருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. ஆமணக்கு உறவினரோ அமிலத்தில் வேலை செய்பவர். இவர் காரத்தில் வேலை செய்கிறார். ஆர்லிஸ்டாட் தூண்டிலும் லிப்பேஸுக்கு மட்டுமே உரியதல்ல. 2009இல் கண்ட எஸ்டரேஸும் அதில் மாட்டியது. இவற்றுக்கெல்லாம் உரிய விடை, மரபணுவை வேறோர் உயிரில் ஏற்றி அங்கே விளையும் புரதம் எண்ணெயை உடைக்கிறதா என்று பார்ப்பதுதான். மெக்சிகோ ஆய்வாளர்கள் பப்பாளி லிப்பேஸ் 1 என்ற புரதத்தை ஈஸ்டில் விளைவித்து, செயலோடு வெளியே எடுத்து, 2017இல் அதன் குணங்களை வெளியிட்டார்கள். ஆகவே பப்பாளியின் மரபணுவிலிருந்து கொழுப்பை உடைக்கும் நொதியைச் செய்ய முடிகிறது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பாலில் நாம் அளக்கும் மொத்த வேகமும் இந்த ஒருவருடையதுதான் என்று சொல்வதில்தான் தயங்குகிறேன். அப்தெல்காஃபி குழு 2012இல் அதே பாலில் பாஸ்போலிப்பேஸ் டி என்ற இன்னொரு கொழுப்பு நொதியையும் காட்டிவிட்டது. வண்டலுக்குள் இருப்பது ஒரு குடும்பம்.

மரத்துக்கு இதனால் என்ன லாபம்? 2004இல் ஜப்பானில் கொன்னோ குழு பப்பாளி இலையைப் பட்டுப்புழு உள்ளிட்ட இலைதின்னிப் புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தது. புழுக்கள் வளராமல் செத்தன. இலையின் பாலைக் கழுவிவிட்டாலோ பப்பாயினை முடக்கிவிட்டாலோ அதே இலையைத் தின்று பிழைத்துக்கொண்டன. பப்பாயின் ஆயுதம் என்பது அத்தோடு உறுதியாயிற்று. கடிக்கும் புழுவின் குடற்சவ்வு கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது என்பதால், லிப்பேஸும் அந்த ஆயுதக் கிடங்கில் ஒன்று என்று நினைப்பது நியாயமே. ஆனால் இந்தக் கோட்டைக்கும் ஓட்டை உண்டு. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி கடித்துத் தின்னாமல் சாற்றை உறிஞ்சுகிறது. பாலையும் அதன் நொதிகளையும் அது பொருட்படுத்தவில்லை. தோட்டங்களைக் காப்பாற்ற 2010இல் வெளிநாட்டிலிருந்து அசிரோஃபேகஸ் என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவிக்க வேண்டியதாயிற்று.

இதைக் கடலூர் மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, இது எண்ணெய் விளையும் நாடு என்பது. விருத்தாசலத்தில் நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலூரில் காய்கறி நிலையம் பலாவில் ரகம் வெளியிட்டிருக்கிறது. எண்ணெயின் அமிலங்களை மாற்றிக் கட்டும் நொதி என்றால் இங்கே கேட்பாருண்டு. அதற்காகப் பப்பாளி வண்டலை நாளைக்கே ஆலைக்கு அனுப்பலாம் என்று எழுத மாட்டேன். ஒவ்வொரு மரத்துப் பாலும் பருவத்துக்குப் பருவம் மாறும். உலர்த்தும் சூடு கொஞ்சம் ஏறினாலும் நொதி செத்துவிடும். வண்டலில் ஒட்டி நிற்கும் பப்பாயின் தொட்டவருக்கு ஒவ்வாமை தரும். ஈஸ்டில் விளைவித்த சுத்த நொதியோடு இதைத் தராசில் வைத்தால் விலையில் மட்டும்தான் இது ஜெயிக்கும்.

ஆனால் அளந்து பார்க்கலாம். அதற்குப் பெரிய கூடம் தேவையில்லை. கோ.2, கோ.5, கோ.6 மரங்களின் பாலைத் தனித்தனியாக எடுத்து உலர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் அலசித் தெளிவை ஊற்றிவிட்டு, வண்டலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தெளிவில் புரதம் அறுக்கும் திறன் அற்றுப்போகும்வரை அலச வேண்டும் என்பது முக்கியம். கருவேலம் பிசின் சேர்த்துக் குழம்பாக்கிய கடலெண்ணெயில் எடைபோட்ட வண்டலைப் போட்டு, வெளிவரும் அமிலத்தைக் காரத்தால் அளக்கலாம். இன்னொரு குடுவையில் அதே வண்டலோடு ஆர்லிஸ்டாட் மாத்திரையின் மருந்தைச் சேர்த்து, வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். கடலெண்ணெய்க்குப் பதில் வெண்ணெய்க் கொழுப்பையும் வைத்து, சிறிய அமிலத்துக்கும் பெரிய அமிலத்துக்கும் வேகம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதை ரகவாரியாகக் குறிக்கலாம். விகிதம் எல்லா ரகத்திலும் ஒன்றாகவே வந்தால் ஒரே நொதி என்பதற்கு அது சாட்சி. ரகத்துக்கு ரகம் மாறினால் எஸ்டரேஸும் லிப்பேஸும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன என்று பொருள். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் ஒரு மாணவர் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடக்கூடிய வேலை இது.